ட்ரோன் பைலட் எழுத்துத் தேர்வு: எப்படித் தயாராவது?



"பைலட்டுன்னா பெரிய படிப்பு படிச்சவங்களுக்குத்தானே மேடம்?" என்று பல குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்குபவருக்கும் பைலட் என்றுதான் பெயர். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 10-ஆம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வயது 18 முதல் 65 வரை இருக்கலாம். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள், 2023-ல் அதை நீக்கிவிட்டார்கள். அரசு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் போதும்.

2023 நவம்பரில் மத்திய அரசு நமோ ட்ரோன் திதி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன், விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். மீதியைக் குழு கடனாகத் திரட்ட வேண்டும். உறுப்பினருக்குப் பயிற்சி 15 நாள். அதில் பைலட் பயிற்சிக்கு 5 நாள்தான், உரம், மருந்து தெளிக்க 10 நாள். பைலட் சான்றிதழுக்கு எழுத்துத் தேர்வு ஒன்று, ஓட்டிக் காட்டும் தேர்வு ஒன்று. இரண்டிலும் தேறணும்.

ஓட்டுவதற்கு நம்ம பெண்கள் பயப்படுவதில்லை. எழுத்துத் தேர்வு என்றதும்தான் முகம் வாடுகிறது. பள்ளியை விட்டுப் பத்து, பன்னிரண்டு வருஷம் ஆனவருக்கு ஐந்து நாளில் விதி, வானிலை, பேட்டரி எல்லாம் புதுசாகத் தலையில் ஏறாது. "அங்கே போய்ப் படிச்சுக்கலாம்" என்று இருக்காதீங்க. ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள், தினம் ஒரு மணி நேரம் போதும்.

முதலில் விதிகள். இங்கே மனப்பாடம் தேவை. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் என்றால் அது 200 அடியாகக் குறைந்துவிடும். மஞ்சள் மண்டலத்துக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி, சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி வேணும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். எடைப் பிரிவுகளையும் எழுதி வைத்துப் படியுங்கள்: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். காலி ட்ரோனின் எடையைப் பார்க்கக் கூடாது, சுமக்கும் மருந்தையும் சேர்த்துத்தான் கணக்கு.

மற்ற பாடங்களை மனப்பாடம் செய்வதைவிடப் புரிந்துகொள்வதே நல்லது. நான்கு விசிறியில் இரண்டு ஒரு பக்கமும் இரண்டு எதிர்ப்பக்கமும் ஏன் சுற்றுகின்றன? மிக்ஸியைப் போட்டதும் ஒரு உதறு உதறுகிறது இல்லையா? உள்ளே ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். எல்லா விசிறியும் ஒரே பக்கம் சுற்றினால் ட்ரோனும் அப்படியே பம்பரம் மாதிரி சுற்றும். உச்சி வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் அதே சுமையைத் தூக்க மோட்டார் கூடுதலாக உழைக்கணும். காற்று வீசும்போது மருந்து அடிச்சால் பக்கத்து வயலுக்குப் போகும் என்பதை வானிலைப் பாடம் நடத்துபவரைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள்!

பேட்டரிக் கணக்கைக் கண்டு மலைக்க வேண்டாம். லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். ஆறு செல் வரிசையாக இணைத்திருந்தால் 6 x 4.2 = 25.2. உட்கடன் வட்டி போடுகிற கைக்கு இது ஒரு கணக்கா? உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது, தீப்பிடிக்கும்.

த்ராட்டில், பிட்ச், ரோல், யா போன்ற சொற்களை ஆங்கிலத்திலேயே பழகுங்கள். ரேடியோவில் ஏ-க்கு ஆல்பா, பி-க்கு பிராவோ, சி-க்கு சார்லி என்பார்கள், பி, டி எல்லாம் காதில் ஒரே மாதிரி விழும் என்பதால். பிள்ளைகளை விட்டுக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. தேர்வு எந்த மொழியில் என்று பணம் கட்டும் முன்பே பயிற்சி மையத்தில் கேளுங்கள். விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் அங்கீகாரம் உள்ள மையம்தானா என்றும் பாருங்கள்.

யாரை அனுப்புவது? பல குழுக்களில் ஊக்குநரையே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ட்ரோனும் கடனும் குழுவின் பெயரில் இருக்கும், சான்றிதழ் மட்டும் தனி ஆள் பெயரில் வரும். அவர் வெளியூர் போய்விட்டால் ட்ரோன் மூலையில் கிடக்கும், தவணை நிற்காது. ஊரிலேயே இருப்பவராக, வயலுக்கு இறங்கத் தயங்காதவராகப் பாருங்கள். முடிந்தால் இரண்டாவதாக ஒருவரையும் சான்றிதழ் வாங்க வையுங்கள். அனுப்பும் நாட்களில் அவர் வீட்டு மாட்டை யார் பார்ப்பது என்பதையும் அதே கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

தேறியதும் 7 நாளுக்குள் பயிற்சி மையம் சான்றிதழ் வழங்க வேண்டும். அது 10 வருஷம் செல்லும்.