“என் மேல கோபமா?”

“என் மேல கோபமா?” என்று மனைவி கேட்கிறாள். “இல்லம்மா” என்கிறான் கணவன். அரை மணி நேரத்தில் மறுபடி அதே கேள்வி. நான்காவது முறை அவன் குரல் உயர்கிறது. “பார்த்தீங்களா, கோபம்தான்” என்று அவள் அழுகிறாள். ‘இவ சுபாவமே இப்படித்தான்’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். மனச்சோர்வு நோய்க்குப் பல வீடுகளில் வைத்திருக்கும் பெயர், ‘குணம்’.

இந்தச் சுழலை 1976-இல் விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் காய்ன். நோயாளி அன்புக்கு உறுதி கேட்கிறார்; கிடைத்ததை நம்ப முடியாமல் திரும்பக் கேட்கிறார். பதில் சொல்பவர் சலித்துப்போகிறார். அந்தச் சலிப்பே நோயாளியின் பயத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. காய்ன் நடத்திய சோதனையில், மனச்சோர்வு நோயாளிகளுடன் தொலைபேசியில் வெறும் 20 நிமிடம் பேசிய கல்லூரி மாணவர்களுக்கே மனம் வாடியது; மீண்டும் பழக அவர்கள் தயங்கினார்கள். அப்படியானால், கூடவே வாழ்பவர்கள் களைத்துப்போவதில் வியப்பில்லை.

எல்லா நோயாளிகளும் இப்படிக் கேட்பதில்லை. யேல் பல்கலைக்கழக உளவியலாளர் சிட்னி பிளாட் இருவகை இயல்புகளைப் பிரித்துக் காட்டினார். கைவிட்டுவிடுவார்களோ என்று அஞ்சிப் பிறரை இறுகப் பற்றுவோர் ஒருவகை. தம்மையே ஓயாமல் குறைசொல்லி, உதவி கேட்கக் கூசி, ஒதுங்கிக்கொள்வோர் இன்னொரு வகை. முதலாமவரை ‘நச்சரிப்பு’ என்கிறோம், இரண்டாமவரை ‘திமிர்’ என்கிறோம். இரு சொற்களும் ஏற்கெனவே நொந்த மனத்தைத்தான் குத்துகின்றன.

நோய் முற்றியிருக்கும்போது ஒருவரின் குணத்தை எடைபோடுவது சரியாகாது. சிகிச்சையில் சோர்வு தணியத் தணிய, எரிச்சலும் ஒதுக்கமும் சந்தேகமும் பலருக்குக் குறைகின்றன.

உறவு காயப்படுத்தவும் செய்யும், காக்கவும் செய்யும். லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978-இல் வெளியிட்ட நூல் இதைச் சொல்கிறது. பெருந்துயரம் நேர்ந்தபோது, கணவரிடமோ துணைவரிடமோ மனம்விட்டுப் பேச முடிந்த பெண்கள் மனச்சோர்வில் விழுவது குறைவாக இருந்தது.

அதற்காகக் குடும்பமே மருத்துவராகிவிட முடியாது. மனநல மருத்துவர் வேண்டும். தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும். அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். கவனித்துக் களைத்த குடும்பத்தாரும் அழைக்கலாம்.

ஐந்தாவது முறை அவள் கேட்கும்போது, கணவன் அருகில் உட்கார்ந்து இப்படிச் சொல்லலாம்: “கோபம் இல்லம்மா. கொஞ்சம் அலுத்துட்டேன், அவ்வளவுதான். உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன். நாளைக்கு டாக்டரைப் பார்ப்போம், நானும் கூட வரேன்.”