ஜன்னலுக்கும் ஜனவரிக்கும் என்ன உறவு?

ஆங்கிலத்தின் ‘எய்ட்’ நம் ‘எட்டு’ என்பதிலிருந்து பிறந்தது என்று தொடங்கும் ஒரு சொற்பட்டியலை வாட்ஸ்அப் குழுக்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் மொழியியல் படிப்பதால், நண்பர்கள் அதை எனக்கு அனுப்பி, “இது உண்மையா?” என்று கேட்பதுண்டு. ஒலி ஒத்திருந்தால் இரண்டு சொற்களும் உறவு என்று சொல்லிவிட முடியுமா? விடை தேட, எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஜன்னல்.

வாரிசும் கடனும்

பண்டைய ரோமானியர்களின் லத்தீன் மொழியில் ஜன்னலுக்கு ‘ஃபெனஸ்ட்ரா’ என்று பெயர். இத்தாலியத்தில் அது ‘ஃபினெஸ்ட்ரா’, பிரெஞ்சில் ‘ஃபெனெத்ர்’. இவ்விரு மொழிகளும் லத்தீனிலிருந்தே வளர்ந்தவை. ஆகவே இது தாய்வீட்டுச் சொத்து. பிரெஞ்சில் நடுவே இருந்த ‘ஸ்’ ஒலி காலப்போக்கில் மறைந்தது. அது இருந்த இடத்தைக் காட்டவே, முந்தைய எழுத்தின்மீது சிறு தொப்பி போன்ற குறி இடுகிறார்கள். பிரெஞ்சு படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ‘ஃபொரே’ என்பதில் தொப்பியை எடுத்துவிட்டு ‘ஸ்’ சேர்த்தால் ‘ஃபாரஸ்ட்’ தெரியும். ‘ஒப்பிதால்’ என்பதில் ‘ஹாஸ்பிட்டல்’ தெரியும்.

ஜெர்மன் மொழியிலும் ஜன்னல் ‘ஃபென்ஸ்டர்’தான். ஆனால், ஜெர்மன் லத்தீனின் பிள்ளை அன்று. ரோமானியர்களிடம் கட்டடக்கலையைக் கற்றபோது, சொற்களையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். சுவர், செங்கல், சாலை ஆகியவற்றுக்கான ஜெர்மன் சொற்களும் அப்படி வந்தவையே. பார்வைக்கு ஒரே சொல்; இத்தாலியத்தில் வாரிசு, ஜெர்மனில் கடன்.

காற்றின் கண்

ஆங்கிலத்தின் ‘விண்டோ’ வேறு வழியில் வந்தது. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங் மக்களின் மொழியில் ஜன்னல் ‘விண்ட்-அவ்கா’. பொருள்: காற்றின் கண். அயர்லாந்து மக்களும் இதே சொல்லை வாங்கித் தங்கள் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

வைக்கிங் சொல் வருமுன் ஆங்கிலேயர்கள் ஜன்னலைக் ‘கண்-துளை’ என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். அதிலிருந்த ‘துளை’ இன்றும் ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது: மூக்குத் துளை. 4ஆம் நூற்றாண்டு பைபிள் மொழிபெயர்ப்பில் காணப்படும் கோத்திய மொழிச் சொல்லுக்குக் ‘கண்-கதவு’ என்று பொருள். போலந்து மொழியில் கண் ‘ஓக்கோ’, ஜன்னல் ‘ஓக்னோ’. ஸ்பானிய மொழியின் ‘வென்தானா’வோ காற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். ஜன்னலுக்கு நம்மிடம் ‘காலதர்’ என்ற பழஞ்சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ‘பலகணி’ என்றும் சொல்வோம். பல கண்களை உடையது. மானின் கண் போன்ற காலதர்கள் சிலப்பதிகாரத்தில் வருகின்றன. காற்றும் கண்ணும் நம் வீட்டிலும் சந்திக்கின்றன!

இதற்காக வைக்கிங்குகள் நம்மிடம் கற்றார்கள் என்றோ, நாம் அவர்களிடம் கற்றோம் என்றோ சொல்ல முடியாது. கண்ணாடி இல்லாத காலத்தில் சுவரில் இருந்த திறப்பின் வழியே காற்று வந்தது. கண் வெளியே பார்த்தது. எங்கோ இருந்த மனிதர்கள் தனித்தனியே ஒரே விதமாக எண்ணியிருக்கிறார்கள். எனக்கு இது உறவைவிட வியப்பாக இருக்கிறது.

மலாக்கா வரை வந்த சிறு கதவு

அப்படியானால் ‘ஜன்னல்’ எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘யானுவா’ என்றால் கதவு. சின்னக் கதவு என்ற பொருளில் அதிலிருந்து பிறந்ததே போர்ச்சுகீசிய மொழியின் ‘ஜனேலா’. ‘யானுவா’வோ, வாசல்களுக்கு உரிய ரோமானியத் தெய்வமான யானுஸின் பெயரோடு தொடர்புடையது. ஆண்டின் வாசலாகிய ஜனவரிக்கும் அந்தத் தெய்வத்தின் பெயரே. ஆக, ஜன்னலும் ஜனவரியும் உறவுதான்.

போர்ச்சுகீசியர்கள் 1498இல் இந்தியாவுக்கு வந்தார்கள். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினார்கள். ‘ஜனேலா’ தமிழில் ஜன்னலாகவும் மலாயில் ‘ஜென்டெலா’வாகவும் நுழைந்தது. அலமாரிக்கும் மலாய் ‘அல்மாரி’க்கும், துவாலைக்கும் மலாய் ‘துவாலா’வுக்கும் இதே கதைதான். தமிழும் மலாயும் இச்சொற்களை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கவில்லை. இரண்டுக்கும் மூலம் போர்ச்சுகீசியம்.

எட்டைச் சோதித்துப் பார்ப்போம்

‘எய்ட்’ உண்மையில் ‘எட்டு’தானா? இன்றைய உருவத்தை விட்டுவிட்டுப் பழைய உருவத்தைத் தேடவேண்டும். லத்தீனில் எட்டு ‘ஒக்டோ’, ஜெர்மனில் ‘ஆஃக்ட்’. ஆங்கிலத்திலும் முன்பு நடுவே ஓர் ஒலி இருந்தது. இன்று ‘எய்ட்’ என்று எழுதும்போது உச்சரிக்காமல் விடும் ‘ஜி, எச்’ எழுத்துகள் அதன் தடயம். தமிழிலோ எண்பது, எண்ணூறு என்கிறோம். கன்னடத்தில் எட்டு ‘எண்டு’. ஆக, நம் சொல்லின் வேர் ‘எண்’. ‘ஒக்டோ’வும் ‘எண்’ணும் ஒத்திருக்கின்றனவா? பின்னோக்கிப் போகப் போக ஒற்றுமை கரைந்துவிடுகிறது. இது தற்செயல்.

இதைச் சொன்னால் தமிழ்ப்பற்று குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. கட்டுமரம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ‘கட்டமரான்’ ஆனது. சுருட்டு ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகட்டானி’ சூப் ஆனது. இவை கடல்வழி வணிகமும் பழைய ஆவணங்களும் உறுதிசெய்யும் உண்மைகள். ஆதாரமற்ற பட்டியலோடு இவற்றையும் கலந்து அனுப்பினால், பொய்யைக் கண்டுபிடிப்பவர் மெய்யையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார். நட்டம் தமிழுக்குத்தான்.

அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால், பகிருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்தச் சொல்லின் பழைய உருவம் என்ன? அந்த மொழியின் உறவு மொழிகளில் அது எப்படி இருக்கிறது? சொல் கைமாறும்படி இரு மக்களும் எங்கே, எப்போது சந்தித்தார்கள்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் தயங்காமல் பகிருங்கள். கிடைக்காவிட்டால், நல்ல அகராதி ஒன்றைத் திறந்து பாருங்கள். பட்டியலில் இருந்ததைவிடச் சுவையான கதை ஒன்று அங்கே காத்திருக்கக்கூடும்.