மருந்து எந்த இடத்தில் உடையும்?

கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம்தான் நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பகுதியை உருமாற்றுகிறது. மனிதரில் இதற்கு 57 மரபணுக்கள் உண்டு. ஆனால் மருந்துகளைக் கையாள்பவை அவற்றுள் சிலவே. நொதியின் நடுவிலுள்ள இரும்பு அணு ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, மருந்து மூலக்கூறின் கார்பன் ஒன்றிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. உடனே அந்தக் கார்பனில் ஆக்சிஜன் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரே மூலக்கூறில் இப்படிப் பறிபோகக்கூடிய ஹைட்ரஜன்கள் இருபது முப்பது இருக்கலாம். எது போகும் என்று கட்டமைப்பைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். எல்லாப் பிணைப்புகளும் ஒரே வலுவுள்ளவை அல்ல. நைட்ரஜனை ஒட்டிய கார்பனிலும் பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பனிலும் ஹைட்ரஜன் எளிதில் பிரியும்; சங்கிலி நுனியில் உள்ள கார்பனில் பிரிவது கடினம். பிணைப்பைப் பிரிக்கத் தேவையான ஆற்றலைக் குவாண்டம் வேதியியல் கணக்கிட்டுத் தருகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் அதைப் புதிதாகச் செய்தால் காலம் போதாது என்பதால், சிறு துண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டு அட்டவணையாக வைத்துக்கொள்கிறார்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஸ்மார்ட்சிப் நிரல் இந்த வழியில்தான் இயங்குகிறது. மூலக்கூறின் ஓரத்தில் உள்ள அணுவை நொதி எளிதில் எட்டும் என்பதையும் அது கணக்கில் சேர்க்கிறது.

ஆனால் மூலக்கூறை மட்டும் பார்த்தால் பாதி விடைதான் கிடைக்கும். கோடீன் என்ற வலிநிவாரணி இதற்கு நல்ல சான்று. அதில் நைட்ரஜன் மீது ஒரு மெத்தில் தொகுதி, ஆக்சிஜன் மீது இன்னொன்று. மருந்து நுழையும் குழி விசாலமாக உள்ள, இதே பி450 குடும்பத்தின் 3ஏ4 என்ற நொதி, எளிதில் உடையும் நைட்ரஜன் பக்கத்தை வெட்டி நார்கோடீன் ஆக்குகிறது. அதே குடும்பத்தின் 2டி6 நொதியின் குழியிலோ எதிர்மின் கொண்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவை நேர்மின் கொண்ட நைட்ரஜனை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், மறுமுனையிலுள்ள ஆக்சிஜன் பக்கம் இரும்புக்கு நேரே வந்து நிற்கிறது. அங்கே வெட்டு விழுந்தால் கிடைப்பது மார்ஃபின். 2டி6 மரபணுவின் நகல்கள் கூடுதலாக உள்ளவர்களுக்கு மார்ஃபின் அளவு மீறிச் சேரும். இதனால் குழந்தைகள் உயிரிழந்ததும் உண்டு. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் தரவே கூடாது என்று 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

வெட்டுப்படும் இடம் தெரிந்துவிட்டால் அதைக் காப்பாற்றவும் வழி உண்டு. ஹன்டிங்டன் நோய்க்கான டெட்ராபெனசீன் மருந்தில், நொதி தாக்கும் இரண்டு மெத்தாக்சி தொகுதிகளின் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்தார்கள். பிணைப்பு பிரிவது மெதுவாயிற்று. மருந்து உடலில் நீடித்தது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டியூட்டெட்ராபெனசீன் இதுதான்.

இடத்தைக் கணிப்பதில் இன்றைய நிரல்கள் பாராட்டும்படி தேறிவிட்டன. வேகத்தைக் கணிப்பதில் இன்னும் தேறவில்லை. மூலக்கூறு நுழையும்போது நொதியின் குழியே வளைந்து கொடுப்பது அதற்கொரு காரணம். அதனால் மனிதக் கல்லீரல் செல்களில் செய்யும் ஆய்வகச் சோதனையை பெரும்பாலான புதிய மருந்துகள் இன்றளவும் தாண்டிப் போக முடியாது.