சிரிக்க வைத்த பாட்டுக்காரர் சந்திரபாபு

சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார மக்களுக்குச் சினிமா என்பது பக்கத்து வீட்டுச் சங்கதி. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1935-ம் ஆண்டில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். அதன் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறது.

இங்கே டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் ஒரு குரலை மறக்கமாட்டார்கள். அந்தக் குரல் பாடிக்கொண்டே இருக்கும். திடீரென்று உச்சிக்குத் தாவும். அதே வேகத்தில் கீழே குதிக்கும். கொட்டகையே கை தட்டும்!

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஜே.பி.சந்திரபாபு.

தூத்துக்குடியில் பிறந்தார்

1927-ம் ஆண்டு தூத்துக்குடியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் பனிமயதாஸ். தூத்துக்குடி பனிமய மாதாவின் நினைவாக வைத்த பெயர் அது.

தந்தை ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்ட வீரர், பத்திரிகை நடத்தியவர். வெள்ளையர் ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. பிறகு குடும்பம் இலங்கைக்குப் போயிற்று. சந்திரபாபு படித்தது கொழும்பில். துறைமுக நகரமான அங்கே மேல்நாட்டு இசைக்குப் பஞ்சம் இல்லை.

1943-ல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. சினிமாவில் சேரவேண்டும் என்ற ஆசை அவரை ஆட்டிப் படைத்தது. 1947-ல் வந்த "தன அமராவதி" அவருடைய முதல் படம். ஆனால் அடுத்த வாய்ப்பு எளிதில் கிடைக்கவில்லை.

கோர்ட்டில் நடித்தார்

ஸ்டுடியோ வாசல்களில் காத்துக் கிடந்தார். மனம் உடைந்தது. 1952-ல் ஜெமினி ஸ்டுடியோவில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்லவேளையாகப் பிழைத்தார். வழக்கு நடந்தது. நீதிபதியின் முன்னால் ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை நடித்துக் காட்டி விடுதலை பெற்றார் என்று சொல்வார்கள்.

அந்த ஆண்டே ஜெமினியின் "மூன்று பிள்ளைகள்" படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது!

மாடு மேய்ப்பவர்களின் பாட்டு

சந்திரபாபு குரலைத் தாவவிட்டுப் பாடினாரே, அதற்கு "யோடலிங்" என்று பெயர். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட இப்படிக் குரல் கொடுப்பார்கள். நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரலும், மெல்லிய கள்ளக்குரலும் மாறி மாறி வரவேண்டும். சொல்வது எளிது, பாடுவது கடினம்.

அமெரிக்காவில் இதைப் பரப்பியவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். அவர் முதன்முதலில் இசைத்தட்டில் பாடிய ஆண்டு 1927. சந்திரபாபு பிறந்த அதே ஆண்டு!

1954-ல் அங்கே மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி என்ற லாரி டிரைவர் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். வெள்ளைக்காரக் கிராமத்தாரின் பாட்டும், கறுப்பு மக்களின் ப்ளூஸ் பாட்டும் கலந்த துள்ளல் இசை. அதை "ராக்கபில்லி" என்றார்கள்.

அதே 1954-ல் ஏவி.எம். "பெண்" படத்தில் எஸ்.பாலச்சந்தருக்காகச் சந்திரபாபு பின்னணி பாடினார். பிற்காலத்தில் வீணை மேதையாக விளங்கிய பாலச்சந்தர்தான் அவர். பாட்டு ஊரெங்கும் ஒலித்தது.

புகழின் உச்சி

"புதையல்", "சபாஷ் மீனா", "நாடோடி மன்னன்", "மரகதம்" என்று படங்கள் குவிந்தன. 1959-ல் "சகோதரி" படம் எடுத்து முடித்த பிறகு, அது எடுபடாதோ என்று சந்தேகம் வந்தது. சந்திரபாபுவின் நகைச்சுவைக் காட்சிகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். படம் ஓடியது.

தன் பாட்டைத் தானே பாடி, தானே ஆடி நடித்தார். துள்ளலுக்கு நடுவே தத்துவத்தையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சரிவு

1960-ல் கண்ணதாசன் தயாரித்த "கவலை இல்லாத மனிதன்" படத்தில் கதாநாயகன் ஆனார். படம் தோற்றது. கவிஞர் கடனில் விழுந்தார். பிறகு சந்திரபாபுவே எம்.ஜி.ஆரை வைத்து "மாடி வீட்டு ஏழை" தொடங்கினார். அது பாதியில் நின்றது. 1966-ல் "தட்டுங்கள் திறக்கப்படும்" படத்தை இயக்கினார். அதுவும் கை கொடுக்கவில்லை.

1958-ல் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. ஆசையாகக் கட்டிய வீடு கடனில் போயிற்று. குடிப்பழக்கம் உடலைக் கெடுத்தது. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லும் குணம் நண்பர்களையும் குறைத்தது.

1974-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 46.

சம்பாதித்த பணம் போயிற்று. வீடு போயிற்று. குரல் மட்டும் போகவில்லை. மெல்லிசைக் கச்சேரி மேடையில் யாராவது ஒருவர் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் பாட்டைத் தொடங்கினால், தாத்தாவும் பேரனும் சேர்ந்தே தாளம் போடுகிறார்கள்.