கிராங்க் புல்லியை மாற்றலாமா?

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நான் தினமும் ஓட்டுவது அப்பா விட்டுச் சென்ற பழைய மேனுவல் கார். கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை நேரம் பாதி முதல் கியரிலேயே போய்விடும். “லைட் புல்லி போடு, பிக்கப் தூக்கும்” என்று அலுவலக நண்பர் சொன்னதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

எஞ்சினுக்குள் இருக்கும் கிராங்க் ஷாஃப்டின் முனையில் சுழலும் கனமான சக்கரம்தான் கிராங்க் புல்லி. அதில் ஓடும் பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் ஏர்கோன் கம்ப்ரசரையும் சுற்றுகிறது; பல கார்களில் வாட்டர் பம்பையும் சேர்த்து. இரும்புக்குப் பதில் அலுமினியம் போட்டால் சுழலும் எடை குறையும், எஞ்சின் சுறுசுறுப்பாக ஏறும். இதில் பொய் இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஒரு ஞாயிறு மதியம் கணக்குப் போட்டேன். 7 சென்டிமீட்டர் ஆரமுள்ள புல்லியில் ஒன்றரைக் கிலோ குறைந்தால், முதல் கியரில் காரிலிருந்து சுமார் 9 கிலோவை இறக்கிய பலன். மூன்றாம் கியரில் அது ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே போய்விடுகிறது. என் கார் பூட்டில் தீபாவளிக்கு வாங்கிய பெயிண்ட் டின்கள் அதைவிடக் கனம்!

பிறகு கிள்ளானில் வழக்கமாகப் போகும் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். “நடுவுல கறுப்பா வளையம் தெரியுதா தம்பி? ரப்பர். அது சும்மா இல்ல.”

சிலிண்டர் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட் துளி முறுங்கி மீள்கிறது. சில வேகங்களில், ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளுவதுபோல, அந்த முறுக்கு கூடிக்கொண்டே போகும். அதை அடக்கத்தான் ரப்பரும் வெளி வளையமும். 1900களின் தொடக்கத்திலேயே ரோல்ஸ் ராய்ஸின் 6 சிலிண்டர் எஞ்சின்களில் இதே தொல்லை. ஹென்றி ராய்ஸும் பிரடெரிக் லான்செஸ்டரும் அப்போதே இதற்கு வழி தேடியவர்கள். ஒரே துண்டாகக் கடைந்த அலுமினியப் புல்லியில் இந்த அடக்கி கிடையாது. ரேஸ் எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள். நம் காரை யார் பிரிக்கிறார்கள்?

ரப்பரே இல்லாத புல்லியோடு வரும் கார்களும் உண்டு. அவற்றுக்கு இந்தப் பயம் குறைவு. ஆனால் விட்டத்தையும் சிறிதாக்கிய புல்லி என்றால் பெல்ட் மெதுவாக ஓடும். பங்சார் நெரிசலில் நிற்கும்போது ஏர்கோன் குளிர் குறைவதை உடனே உணரலாம்.

டார்ச் வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரிந்தது. என் பழைய புல்லியின் ரப்பரில் வெடிப்புகள். வெளி வளையம் நழுவினால் பெல்ட் கழன்றுவிடும் என்றார் அண்ணன். வாரம் 3 நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் கார் அது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. சேர்த்து வைத்த பணத்தில் ரப்பர் உள்ள அசல் புல்லியும் புது பெல்ட்டும் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பெயிண்ட் டின்களையும் இறக்கி வைத்தேன்.