நட்டுவை சன்ரைசர்ஸ் ஏன் விட்டது?

2024 ஐ.பி.எல்-ல் சன்ரைசர்ஸுக்காக அதிக விக்கெட் எடுத்தவர் யார் தெரியுமா? நம்ம சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். 19 விக்கெட்! ஆனாலும் அடுத்த சீசனுக்கு அவரை அந்த டீம் தக்கவைக்கலை. பணம் இல்லாமலா? இல்லைங்க, செலவழிக்க அனுமதி இல்லை.

2025 மெகா ஏலத்தில் ஓர் அணி வீரர்களுக்குச் செலவழிக்க உச்சவரம்பு 120 கோடி ரூபாய். சன்ரைசர்ஸ் கிளாசனுக்கு 23, கம்மின்ஸுக்கு 18, ஹெட்டுக்கும் அபிஷேக்குக்கும் தலா 14, நிதிஷ் ரெட்டிக்கு 6 கோடி என ஒதுக்கியது. அஞ்சே பேருக்கு 75 கோடி காலி! மிச்சம் 45 கோடி. குறைந்தபட்சம் 18 பேர் வேணும்னா, இன்னும் 13 பேரை அதில்தான் வாங்கணும்.

ஏலத்தில் வேறு டீம் சொன்ன விலையைக் கொடுத்துப் பழைய வீரரை மீட்கும் 'ரைட் டு மேட்ச்' ஒன்று கையில் இருந்தது. அதுவும் இந்தியாவுக்கு ஆடாதவர்களுக்கு மட்டும்தான். நட்டுதான் 2020-21 ஆஸ்திரேலியா டூர்லயே மூணு ஃபார்மேட்டும் ஆடிட்டாரே! கடைசியில் டெல்லி 10.75 கோடிக்குத் தூக்கியது. சன்ரைசர்ஸ் அதைக் கொடுத்திருந்தால், மிச்சப் பணத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போயிருக்கும்.

அமெரிக்காவின் என்.பி.ஏ கூடைப்பந்தில் சொந்த வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம். ரொம்பத் தாண்டினால் வரி கட்டணும். ஐ.பி.எல்-ல் அந்தக் கதவே கிடையாது.