முழங்காலுக்கு உறை இருந்தது, பல்லுக்கு இல்லை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உன் மருமகனுக்கு மெத்தை வச்ச காற்சட்டை வேணுமாம். முழங்கால் உறை, கை உறை வேற. கூடைப்பந்து ஆடப் போறானா, போருக்குப் போறானான்னு தெரியல. இந்தப் பைத்தியத்தை ஆரம்பிச்சு வச்சவன் நீதான். நீயே கூட்டிட்டுப் போ."

அக்கா சொன்னதில் தவறில்லை. உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, அவருடைய நீளமான வெள்ளைக் காலுறையின் நுனியை வெட்டி என் வலது கையில் மாட்டிக்கொண்டு திடலுக்குப் போனவன் நான். காரணம், ஆலன் ஐவர்சன்.

2000-2001 பருவத்தில் ஐவர்சனுக்கு வலது முழங்கையில் வீக்கம். மூட்டைச் சுற்றியுள்ள சிறு திரவப் பையில் ஏற்படும் அழற்சி அது. கை சூடாகவும் இதமாகவும் இருக்கட்டும் என்று குழாய் வடிவக் கட்டுத்துணி ஒன்றை வெட்டி மாட்டிவிட்டார்கள். 2001 ஜனவரியில் டொரோண்டோ அணிக்கு எதிராக 51 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அதன்பின் முழங்கையில் எந்த வலியும் இல்லாத பிள்ளைகள் உலகம் முழுவதும் கை உறை கேட்டார்கள். என் பங்குக்கு அக்காவின் காலுறை போனது.

நோய்க்காக அணிந்தது இப்படி நாகரிகமானது. ஆனால் இப்போது கடைகளில் கிடைக்கும் மெத்தை உறைகள் வெறும் அலங்காரம் அல்ல. முழங்கால், தொடை, இடுப்பு எலும்பு, இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணத் துண்டுகளாக நுரை ஒட்டியிருப்பார்கள். ஒரே பலகையாக இருந்தால் காலை மடக்க முடியாது. துண்டுகளுக்கு இடையே இடைவெளி இருப்பதால் உடலோடு சேர்ந்து வளைகிறது. மோதும்போது நுரை அமுங்கி, ஒரே புள்ளியில் விழும் அடியைப் பரப்பிவிடுகிறது. நம் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கும் சிமெண்ட் திடல்களில் ஒருமுறை முட்டி தேய விழுந்தவருக்கு அதன் அருமை தெரியும். (ஒரு சின்ன விஷயம்: நம் ஊர் வெயிலில் ஆடியபின் அதைப் பையிலேயே மறந்துவிட்டால், மறுநாள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.)

பெரிய ஆட்டக்காரர்கள் அடிபட்ட பிறகுதான் பாதுகாப்பைத் தேடியிருக்கிறார்கள். 1974ல் கண்ணில் கீறல் பட்ட ஆத்திரத்தில் கரீம் அப்துல் ஜபார் கூடையின் கம்பத்தைக் குத்தி, கை எலும்பையும் முறித்துக்கொண்டார். அவருடைய புகழ்பெற்ற கண்ணாடி அதன்பிறகு வந்தது. 2014ல் மூக்கு உடைந்த லெப்ரான் ஜேம்ஸ் கறுப்பு முகமூடி அணிந்து வந்தார். ஒளி ஊடுருவும் முகமூடிக்கு மாறச் சொன்னது என்பிஏ. அதை அணிந்துகொண்டே மார்ச் மாதத்தில் ஓர் ஆட்டத்தில் 61 புள்ளிகள் குவித்தார்.

எனக்கும் புத்தி அடிபட்டுத்தான் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை. கையில் உறை, இரு முழங்கால்களிலும் மெத்தை. பந்தைப் பிடிக்கக் குதித்தபோது நண்பரின் முழங்கை என் வாயில் பட்டது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு தரையில் கிடந்தது.

அடுத்து நான் செய்ததெல்லாம் தவறு. பல்லைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். மெல்லிய காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். ஆட்டம் முடியட்டும் என்று காத்திருந்தேன். மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

வேரின்மேல் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் காய்ந்தால் பல் மீண்டும் பிடிப்பது கடினம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். வேரைத் தொடக்கூடாது, பல்லின் வெண்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கிருந்தால் லேசாக அலசி, நிரந்தரப் பல்லாக இருந்தால் உடனே குழியில் பொருத்தலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு, இயன்றவரை ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓட வேண்டும். திடலுக்கு எதிரே காப்பிக்கடை. அங்கே பாலுக்கா பஞ்சம்?

என் பிழைப்பே பேச்சு. 'த' என்று சொல்ல நாக்கு மேற்பல்லைத் தேடுகிறது, அங்கே ஓட்டை. 'ச' வரும் இடமெல்லாம் விசில். செயற்கைப் பல்லுக்கு நாக்கு பழகும்வரை மூன்று வாரம் நேரலைப் பக்கம் போகவில்லை. சக படைப்பாளர்கள் அன்போடுதான் சிரித்தார்கள். ஆனால் வீட்டில் தனியாக அமர்ந்து தலைப்புச் செய்திகளை வாசித்துப் பதிவுசெய்து கேட்ட இரவுகளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதையெல்லாம் கடைத்தொகுதிக்குப் போகும் வழியில் மருமகனிடம் சொன்னேன். முழங்கால் உறையை வாங்கலாம், தோல் தப்பும் என்றேன். ஆனால் ஏசிஎல் தசைநார் பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, குதித்து இறங்கும்போதும் திடீரெனத் திரும்பும்போதும்தான் கிழிகிறது; அதை மெத்தை தடுக்காது. முழங்காலை மடக்கி மென்மையாக இறங்கப் பழகுவதுதான் வழி. கூடைப்பந்தில் அதிகம் அடிபடுவதோ கணுக்கால். விஸ்கான்சின் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்கள் 1,460 பேரிடம் நடத்திய ஆய்வு 2011ல் வெளிவந்தது. கயிறு கட்டும் கணுக்கால் பட்டை அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பட்டபின் காயத்தின் கடுமை மட்டும் குறையவில்லை.

"மாமா, அந்தப் பட்டை பார்க்க நல்லாவே இல்லையே" என்றான். காலுறைக்குள் மறைந்துவிடும் என்று சொல்லி எடுத்துக்கொடுத்தேன். மெத்தைக் காற்சட்டையை அடுத்த பிறந்தநாளுக்குத் தள்ளிவைத்தோம். மிச்சமான பணத்தில், வெந்நீரில் இளக்கிக் கடித்து அச்செடுக்கும் பல்லுறை ஒன்று. முக்கியப் போட்டிகள் தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம்.

அன்றிரவு அக்கா வீட்டுச் சமையலறையில் அச்செடுத்தோம். குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து வாயில் மாட்டிக்கொண்டவன், "இதோட எப்படிப் பேசறது?" என்று கேட்க முயன்றான். பாதிதான் புரிந்தது. மேசைமேல் இருந்த கரண்டியை ஒலிவாங்கியாக அவன் முன் நீட்டி, "எங்கே, வணக்கம் சிங்கப்பூர் சொல்லு" என்றேன்.

நான்காவது முயற்சியில் 'சிங்கப்பூர்' வந்துவிட்டது.